இன்றே கடைசி: பிராட்வேயை விட்டு ‘ஃபேன்டம்’ போனபோது ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நாடகம்? எப்போது நின்றது?

ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்த இசைநாடகம் ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’. நியூயார்க்கின் 44-ஆவது தெருவில் உள்ள மெஜஸ்டிக் அரங்கில் 1988 ஜனவரி 26 அன்று தொடங்கியது. 2023 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சியோடு நின்றது. மொத்தம் 13,981 காட்சிகள். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் இதைவிட அதிக நாள் ஓடிய நாடகம் கிடையாது. முந்தைய சாதனை ‘கேட்ஸ்’ நாடகத்துடையது. அதற்கு இசையமைத்தவரும் இதே லாயிட் வெப்பர்தான். 2006 ஜனவரியில் தன் சாதனையைத் தானே முறியடித்துக்கொண்டார் எனலாம்.

நாடகம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது 2022 செப்டம்பர் 16 அன்று. அன்றிலிருந்து கடைசிக் காட்சி வரை சரியாக ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் ரசிகர்கள் பட்ட பாடுதான் இந்தப் பக்கத்தின் பொருள்.

இது எதன் தழுவல்?

காஸ்டன் லெரூ என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவல். 1909 செப்டம்பர் முதல் 1910 ஜனவரி வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடர்கதையாக வந்தது. பாரிஸ் ஓபரா மாளிகையின் அடித்தளத்தில் முகம் சிதைந்த ஒரு மேதை முகமூடி அணிந்து ஒளிந்து வாழ்கிறான்; அவன்தான் ‘ஃபேன்டம்’. கிறிஸ்டின் என்ற இளம்பாடகியை மறைந்திருந்தே பயிற்றுவித்து, பிறகு அவள்மேல் பித்துக் கொள்கிறான். நாடகத்தில் முதல் பாதியின் முடிவில் பார்வையாளர்களின் தலைக்கு மேலிருந்து சரவிளக்கு சரிந்து விழும். அது முழுக் கற்பனை இல்லை. 1896-இல் அந்த மாளிகையில் சரவிளக்கின் எடைக்கல் ஒன்று அறுந்து விழுந்து ஒருவர் இறந்திருக்கிறார்.

35 ஆண்டு ஓடியதை ஏன் நிறுத்தினார்கள்?

பணம். வேறு காரணம் சொல்பவர்கள் நாகரிகத்துக்காகச் சொல்கிறார்கள்.

பிராட்வே நாடகத்தின் வரவு செலவு வாரக் கணக்கில் நடக்கும். வாரத்துக்கு எட்டுக் காட்சி; திங்கட்கிழமை காலையில் முந்தைய வாரத்தின் வசூலைச் செலவோடு வைத்துப் பார்ப்பார்கள். ஃபேன்டத்தை நடத்த வாரத்துக்குச் சுமார் 9.5 லட்சம் டாலர் தேவைப்பட்டது. நிறுத்த அறிவிப்புக்கு முந்தைய வாரத்தின் வசூல் ஏறத்தாழ 8.7 லட்சம். இந்தக் கணக்கைப் போட ஆடிட்டர் தேவையில்லை.

செலவு அவ்வளவு ஏன் என்றால், இது 1980களின் தாராளக் கையால் செய்த நாடகம். 27 பேர் கொண்ட இசைக்குழு. பிராட்வேயில் அப்போது அதுதான் மிகப் பெரியது. 230 உடைகள், 22 காட்சி மாற்றங்கள், நிலத்தடி ஏரியிலிருந்து முளைத்து எழும் 281 மெழுகுவத்திகள், ஒரு டன் எடையில் சரவிளக்கு. நடிகர், இசைஞர், மேடைத் தொழிலாளர் எல்லோரும் சேர்ந்து ஏறக்குறைய 125 பேருக்கு அங்கே வேலை. இன்று முதலீட்டாளரிடம் இப்படி ஒரு பட்டியலை நீட்டினால் வாசற்படியைக் காட்டுவார்.

அதுவரை இந்தச் செலவைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பிராட்வே மொத்தமும் மூடியது. ஃபேன்டம் மீண்டும் திறந்தது 2021 அக்டோபரில். அரங்கு திறந்துவிட்டது; வெளிநாட்டுக்காரர்கள் பழைய அளவில் திரும்பவில்லை.

அறிவிப்பு வந்ததும் ரசிகர்கள் என்ன சொன்னார்கள்?

முதலில் நம்பவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற ஒன்றை யாரும் நாடகமாகவே நினைப்பதில்லை. அது ஊரின் மணிக்கூண்டு மாதிரி ஆகிவிடும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பத்து வருடம் தள்ளிப்போட்டவர்கள் அன்று தலையில் கைவைத்தார்கள்.

அடுத்து வந்தது சண்டை, அதுவும் ரசிகர்களுக்குள்ளேயே. நூறு முறைக்கு மேல் பார்த்தவர்கள் ஒரு பக்கம். இவர்கள் தங்களை ‘ஃபேன்’ என்றே அழைத்துக்கொள்வார்கள். ரசிகரைக் குறிக்கும் fan என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை மாற்றி, நாடகப் பெயரில் (Phantom) உள்ளதுபோல் phan என்று எழுதுவார்கள். தமிழில் எழுதும்போது அந்த வேடிக்கை காணாமல் போகிறது, என்ன செய்ய. அறிவிப்பைக் கேட்ட பிறகு முதல்முறையாக டிக்கெட் வாங்க ஓடிவந்தவர்கள் மறுபக்கம். முதல் கூட்டத்துக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல் வந்த எரிச்சல், சாவு வீட்டில் நாம் அடிக்கடி பார்க்கும் எரிச்சல். படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத உறவினர், எடுக்கும் நாளில் முதல் ஆளாக வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதால் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவருக்கு எப்படி இருக்கும்?

எனக்கு அந்த எரிச்சல் புரிகிறது. ஆனால் பாதி நியாயம்தான் அதில் உண்டு. தாமதமாக வந்தவர்களால்தான் நாடகத்துக்கு எட்டு வாரம் கூடுதலாகக் கிடைத்தது.

எட்டு வாரம் கிடைத்தது எப்படி? அறிவிப்பே விற்பனைத் தந்திரமா?

முதலில் குறித்த கடைசி நாள் 2023 பிப்ரவரி 18. அறிவிப்பு வந்ததும் விற்பனை எகிறியது. நவம்பர் முடிவில், ஏப்ரல் 16 வரை நீட்டிக்கிறோம் என்றார்கள். அதோடு சரி, இனி நீட்டிப்பு இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். அரங்கின் சொந்தக்காரர்கள் கட்டடத்தைப் பெரிய அளவில் பழுதுபார்க்கக் காத்திருந்தார்கள். கடைசி வாரங்களில் வாராந்தர வசூல் 30 லட்சம் டாலரைத் தாண்டியது. அறிவிப்புக்கு முன்னால் வந்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

‘இன்றே கடைசி’ என்று சுவரொட்டியின் மேல் ஒரு துண்டுத்தாளைக் குறுக்காக ஒட்டிவிட்டு, மறுநாள் ‘மேலும் ஒரு வாரம்’ என்று அதன்மேல் இன்னொன்றை ஒட்டுவது நம் ஊர்க் கொட்டகைகளுக்குப் புதிதில்லை. எனவே தந்திரம் என்று சிலர் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தந்திரம் என்றால் அவ்வளவு வசூல் வந்த பிறகும் ஏன் நிறுத்த வேண்டும்? அந்த வசூலைக் கொண்டுவந்ததே ‘கடைசி’ என்ற சொல்தான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் மறு மாதமே பழைய 8.7 லட்சம் திரும்பியிருக்கும். தயாரிப்பாளர் கேமரூன் மெக்கின்டோஷ் இதை அறியாதவர் இல்லை.

லண்டனில் ஓடுகிறது, பாட்டுகள் இசைத்தட்டில் இருக்கின்றன. பிறகு எதற்கு அழுகை?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். நாடகம் பார்க்காதவர்கள் கிண்டலாகக் கேட்பதும் இதையே.

அழுதவர்கள் பாட்டுக்காக அழவில்லை. பாட்டு எங்கும் போகாது. போனது வேறு. 1988-இல் இயக்குநர் ஹரோல்டு பிரின்ஸ் எந்த இடத்தில் யாரை நிறுத்தினாரோ, கில்லியன் லின் எந்த அசைவைச் சொல்லிக்கொடுத்தாரோ, மரியா பியோர்ன்சன் எந்தத் திரையைத் தொங்கவிட்டாரோ, அதெல்லாம் அதே அரங்கில், அதே பலகைகளின் மேல், ஏறத்தாழ அப்படியே இருந்தது. அந்த மூவரும் கடைசிக் காட்சிக்கு முன்பே இறந்துவிட்டார்கள். இறந்தவர்களின் கைவேலை வாரத்துக்கு எட்டு முறை உயிரோடு நடந்துகொண்டிருந்தது.

அடுத்தது அங்கே இருந்த மனிதர்கள். மேடைக்கு முன்னால் இசைஞர்கள் உட்காரும் இசைக்குழியில் முதல் நாளிலிருந்தே வாசித்தவர்கள் சிலர் கடைசி நாளிலும் வாசித்தார்கள். ஜார்ஜ் லீ ஆண்ட்ரூஸ் என்ற நடிகர் 23 ஆண்டுகளில் 9,382 காட்சிகளில் நடித்து கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். ஹோவர்ட் மெக்கில்லின் 2,500 முறைக்கு மேல் ஃபேன்டமாக முகமூடி அணிந்தார். இவ்வளவு காலம் ஒரே வேலைக்குப் போய் வருபவர்களை நாம் அரசு அலுவலகத்தில் பார்த்திருக்கிறோம். கலையில் அது அபூர்வம். காட்சி முடிந்ததும் நடிகர்கள் வெளியே வரும் பக்கவாசலில் காத்துநின்று கையெழுத்து வாங்கும் வழக்கம் பிராட்வேயில் உண்டு. பதினைந்து வயதில் அங்கே நின்றவர் ஐம்பது வயதில் தன் மகளோடு அதே வாசலில் நின்றிருக்க முடியும். அவருக்கு ‘லண்டனில் ஓடுகிறதே’ என்று சொல்வது, சொந்த வீடு இடிபடும்போது பக்கத்துத் தெருவில் அதே மாதிரி வீடு இருக்கிறதே என்று ஆறுதல் சொல்வதற்குச் சமம்.

லண்டனைப் பற்றிச் சொன்னாலே ரசிகர்கள் கோபப்படுகிறார்களே?

காரணம் இருக்கிறது. 1986 அக்டோபர் 9 முதல் லண்டனில் ஓடிய மூல நாடகம் கொரோனாவில் நின்றது. 2021 ஜூலையில் திரும்பியபோது 27 பேர் இருந்த இசைக்குழு 14 பேராகக் குறைந்திருந்தது. பெயர் அதே, அரங்கு அதே. குழியில் பாதி நாற்காலி காலி. இசைஞர் சங்கம் எதிர்த்தது, ரசிகர்கள் கொதித்தார்கள். நியூயார்க் அறிவிப்பு வந்த அன்றே பலர் சொன்னது இதைத்தான்: இங்கேயும் மூடிவிட்டு, சில ஆண்டு கழித்துச் சிக்கனப் பதிப்பாகத் திறப்பார்கள். பெரிய குழு வாசித்து நேரில் கேட்க வேண்டுமானால் ஏப்ரலுக்குள் மெஜஸ்டிக் போய்விடு என்பது அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அறிவுரை.

கடைசி நாள் எப்படி இருந்தது?

அன்றைய டிக்கெட்டை யாரும் வாங்க முடியாது. அழைப்பிதழ் உள்ளவர்கள், பழைய நடிகர்கள், குலுக்கலில் பெயர் விழுந்த சில ரசிகர்கள், இவர்களுக்கு மட்டுமே இடம்.

முகமூடி அணிந்தவர் லேர்ட் மெக்கின்டோஷ். முறைப்படி அந்த வேடத்தில் இருந்த பென் கிராஃபோர்ட் உடல்நலம் சரியில்லாமல் விலகியதால் இவர் வந்தார். கிறிஸ்டினாக எமிலி குவாச்சு. பிராட்வேயில் அந்த வேடத்தை நிரந்தரமாக ஏற்ற முதல் கறுப்பினப் பெண். 33 ஆண்டுக்கும் மேல் ஆனது அதற்கு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

துக்கத்தின் நடுவே உண்மையான துக்கம் ஒன்றும் இருந்தது. லாயிட் வெப்பரின் மகன் நிக்கலஸ் வயிற்றுப் புற்றுநோயால் மூன்று வாரங்களுக்கு முன்புதான், மார்ச் 25 அன்று, இறந்திருந்தார். கடைசிக் காட்சி அவருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. முடிந்ததும் மேடையேறிய லாயிட் வெப்பர் அதைச் சொன்னார். முதல் கிறிஸ்டினான சாரா பிரைட்மேன், நாடகம் எழுதப்பட்டபோது நிக் கூடவே இருந்ததை நினைவுகூர்ந்தார். பிரின்ஸ், பியோர்ன்சன், லின், கிறிஸ்டினின் காதலன் ராவுலாக முதலில் நடித்த ஸ்டீவ் பார்ட்டன் ஆகியோரின் படங்கள் திரையில் வந்தன. வெளியே தெருவில், உள்ளே போக வழியில்லை என்று தெரிந்தும் ஒரு கூட்டம் நின்றிருந்தது.

போராடினால் நாடகத்தை மீட்க முடியாதா?

ஒருமுறை ஏறக்குறைய மீட்டிருக்கிறார்கள். 1988-இல் வந்த திரைப்படத்தைத் தழுவிய ‘பீட்டில்ஜூஸ்’ 2019 ஏப்ரலில் விண்டர் கார்டன் அரங்கில் தொடங்கியது. விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்; ஆரம்ப வசூலும் சுமார். அரங்கு ஒப்பந்தங்களில் ஒரு விதி உண்டு: வசூல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நாடகத்தை வெளியேற்ற அரங்கின் சொந்தக்காரருக்கு உரிமை வரும். அந்த விதி அவர்கள் கையில் இருந்த நேரத்தில் பள்ளி மாணவர்கள் இந்த நாடகத்தைக் கண்டுபிடித்தார்கள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட உடையில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், பாட்டுகளுக்கு வாயசைத்துக் காணொளிகளைப் பரப்பினார்கள். வசூல் வாரத்துக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் ஹியூ ஜாக்மன் நடிக்கும் வேறொரு நாடகத்துக்கு அரங்கைக் கொடுத்தாகிவிட்டது. 2020 ஜூன் 6-க்குள் காலி செய்ய வேண்டும் என்ற செய்தி வந்ததும் ரசிகர்கள், வெளியேற்றக் கூடாது என்ற மனுவுக்குக் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள்.

பிறகு கொரோனா வந்து, கடைசிக் காட்சி என்று ஒன்றை வைக்கவும் விடாமல் மூடியது. நாடகம் 2022 ஏப்ரலில் மார்க்கீ அரங்கில் திரும்பியது. 2023 ஜனவரி 8 வரை ஓடியது. 2025-இல் குறுகிய காலத்துக்கு மறுபடியும் வந்தது. கையெழுத்து வேட்டையால் வந்தது என்று சொல்ல மாட்டேன். டிக்கெட் வாங்க ஒரு பட்டாளம் தயார் என்று தயாரிப்பாளர்களுக்குக் காட்டியதால் வந்தது.

ஃபேன்டம் ரசிகர்களிடம் அந்த ஆயுதம் இல்லை. 35 ஆண்டுகளில் சுமார் இரண்டு கோடிப் பேர் பார்த்து, 136 கோடி டாலர் வசூலித்த நாடகத்துக்கு ஆதரவில்லை என்று யாரை நம்பவைப்பது?

ஓடாத நாடகத்துக்கும் ரசிகர் இருப்பார்களா?

ஃபேன்டம் தொடங்கிய அதே 1988-இல் ‘கேரி’ என்ற தழுவல் வந்தது. ஸ்டீபன் கிங்கின் நாவல். முறையான ஐந்தே காட்சியோடு மூடினார்கள். போனது 70 லட்சம் டாலருக்கு மேல். ஒரே காட்சியில் பாதிப் பேர் ஊளையிட, பாதிப் பேர் எழுந்துநின்று கைதட்டினார்களாம். பார்த்தவர்கள் குறைவு. திருட்டுத்தனமாகப் பதிவான ஒலிநாடாக்கள் கைமாறிக் கைமாறி, பார்க்காதவர்களையும் ரசிகர்களாக்கின. 2012-இல் சிறிய அரங்கு ஒன்றில் மறுபடியும் மேடையேறியபோதுதான் முறையான இசைத்தட்டே வந்தது.

ரசிகர்கள் எப்போதும் லாயிட் வெப்பர் பக்கம்தானா?

இல்லவே இல்லை. 2010-இல் ஃபேன்டத்தின் தொடர்ச்சியாக அவர் லண்டனில் ‘லவ் நெவர் டைஸ்’ நாடகத்தைக் கொண்டுவந்தபோது, அதை மூட வேண்டும் என்று இயக்கமே நடத்தியவர்கள் இதே ரசிகர்கள். கதாபாத்திரங்களைக் கெடுத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ‘காதல் சாவதில்லை’ என்ற பொருள்தரும் தலைப்பை, லண்டன் நாடக வலைப்பதிவர்கள் ‘பெயின்ட் நெவர் ட்ரைஸ்’, அதாவது பெயின்ட் காய்வதே இல்லை என்று எதுகையோடு மாற்றிக் கேலி செய்தார்கள். 2011 ஆகஸ்டில் அது நின்றது. பிராட்வேக்கு வரவே இல்லை. மூடலுக்கு அழுபவர்களும் மூடலைக் கொண்டாடுபவர்களும் ஒரே ஆட்களாக இருக்கலாம்.

இதில் தமிழர்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

சுற்றுவழியில் ஒன்று உண்டு. ஏ. ஆர். ரஹ்மானை லண்டன் மேடைக்கு அழைத்துப்போனவர் இதே லாயிட் வெப்பர். அவர் தயாரிப்பில் 2002-இல் லண்டனில் தொடங்கிய ‘பாம்பே ட்ரீம்ஸ்’, 2004 ஏப்ரல் 29 அன்று பிராட்வேக்கு வந்தது. 284 காட்சிகளுக்குப் பிறகு 2005 புத்தாண்டு தினத்தில் முடிந்தது. அன்று 44-ஆவது தெருவில் ஃபேன்டம் பதினேழாவது ஆண்டு நிறைவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபேன்டம் இந்தியா வந்தது 2025 மார்ச்சில், மும்பைக்கு, சுற்றுப்பயணக் குழுவாக.

ஃபேன்டம் நின்ற பிறகு லாயிட் வெப்பருக்கு பிராட்வேயில் என்ன மிஞ்சியது?

‘பேட் சிண்ட்ரெல்லா’. 2023 மார்ச்சில் தொடங்கி ஜூன் 4-இல் படுத்துவிட்டது. 1979-க்குப் பிறகு முதல்முறையாக, பிராட்வேயில் அவர் நாடகம் ஒன்றுகூட இல்லாத நாள் மறுநாள் விடிந்தது. இதற்கு யாரும் தெருவில் வந்து நிற்கவில்லை.

திரும்பி வருமா?

வேறு உருவத்தில் வந்தது. 2025-இல் 57-ஆவது தெருவில், முன்பு ஓவியப் பொருள் விற்ற கடைக் கட்டடத்தில், ‘மாஸ்கரேட்’ என்ற பெயரில். இயக்கியவர் டயான் பாலஸ். இதில் உட்கார நாற்காலி வரிசை கிடையாது. பார்வையாளர்கள் சிறு சிறு குழுக்களாகக் கால்மணி நேர இடைவெளியில் உள்ளே போய், மாடி மாடியாக ஏறி இறங்கி, கதைக்குள்ளேயே நடக்கிறார்கள். குழுக்கள் ஆறு என்பதால் ஒரே மாலையில் ஆறு ஃபேன்டங்கள், ஆறு கிறிஸ்டின்கள்.

பழைய ரசிகர்கள் ஒத்துக்கொண்டார்களா? இசைக்குழு எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் பதிவு செய்த இசைக்குப் பாடுகிறார்கள் என்பது அவர்களுக்கு ஆறாத புண். ஆனால் பார்வையாளர்கள் கறுப்பு, வெள்ளை, வெள்ளி நிறங்களில் உடுத்தி முகமூடியோடு வர வேண்டும் என்பது அங்கே விதி. இவர்களுக்கு அதற்காகக் கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. 2023 ஏப்ரலில் போட்டுக்கொண்டு வந்தது அலமாரியிலேயே இருந்தது.